தளத் தகடு வேலை ஏன் நாள் பிடிக்கிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய அம்பாசிடரோ ஃபியட்டோ கொண்டுவருகிறவர்கள் முதலில் கேட்பது பெயிண்ட் பற்றித்தான். நாங்கள் முதலில் பார்ப்பது கால் வைக்கும் இடத்தை, அதாவது தளத்தை. "துருப்பிடித்த இடத்துக்கு மேலேயே ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்தால் என்ன? எதற்கு இத்தனை நாள்?" என்று போன மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்காகவே இந்த மடல்.

கடலூர், புதுச்சேரிக் கரையில் உப்புக் காற்றைத் தவிர்க்க முடியாது. ஆனால் தளத்தை அதிகம் தின்பது உள்ளே தேங்கும் ஈரம். முன் கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். மழைத் தண்ணீர் டாஷ்போர்டுக்குப் பின்னால் வழிந்து தளத்தில் விரித்த மேட்டுக்கு அடியில் போய் நிற்கும். மேட் காய்ந்துவிடும், அடியில் இருக்கும் சணல் மெத்தை காயாது. போன வாரம் தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த அம்பாசிடரில் டிரைவர் பக்க மேட்டைத் தூக்கினோம். மெத்தை ஊறிய அவல் மாதிரி கையோடு பிய்ந்து வந்தது. நல்ல தகட்டை ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் கணீரென்று கேட்கும். இங்கே 'தொப்'பென்றது. கிளட்ச் பெடலுக்குக் கீழே முனை அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. கீழே படுத்துப் பார்த்தால் தார்ப் பூச்சு முழுசாக இருக்கிறது! தகடு போன பிறகும் பூச்சு மட்டும் நின்றிருக்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில் மேலே தகடு வைத்தால், இரண்டுக்கும் நடுவே தண்ணீர் புகுந்து புதுத் தகட்டையும் அரிக்கும். பற்றவைப்பதற்கும் அங்கே இரும்பு இருக்காது. அதனால் பளபளவென்று நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டுகிறோம்.

வெட்டுவதில்தான் ஆபத்தே. அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் தனிச் சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் தனி அடிச்சட்டம் கிடையாது. தளமும் கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வேறு மாதிரி, அதற்குச் சேஸிஸ் தனி. சில வருஷங்களுக்கு முன் ஓர் அம்பாசிடரில் இரண்டு பக்கத் தளத்தையும் ஒரே நாளில் வெட்டிவிட்டோம். புதுத் தகடு போட்டு முடித்த பிறகு பின் கதவு சாத்தவில்லை. போட்ட வெல்டிங்கை எல்லாம் அறுத்து மறுபடி செய்தோம், அந்தச் செலவு எங்களுடையது. அப்புறம் கதவு வாசலில் குறுக்கே இரும்புக் குழாய் பற்றவைக்காமல் எந்த வண்டியிலும் கட்டிங் வீலை வைப்பதில்லை. ஒரு பக்கம் முடிந்த பிறகுதான் மறுபக்கம்.

போடுவது 18 கேஜ் தகடு, ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். பழைய தளத்தில் இருந்த மேடு பள்ள வரிகளை அதிலும் அழுத்தி எடுக்கிறோம். அந்த வரிதான் தகட்டுக்கு விறைப்பு. வெறும் தட்டைத் தகடு போட்டால் ஓடும்போது தகர டப்பா மாதிரி அதிரும். கேஸ் வெல்டிங்கில் தகடு நெளியும் என்பதால் சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு வாயு) வெல்டிங்தான், அதுவும் ஒரே இழுப்பில் இல்லை. இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, சூடு ஆறிய பின் அடுத்தது. நாள் போவது பெரும்பாலும் இதில்தான். பெட்ரோல் டேங்க், தளத்தை ஒட்டி ஓடும் பெட்ரோல் குழாய், பேட்டரி எல்லாவற்றையும் கழற்றிய பிறகே நெருப்பு. கடைசியில் இணைப்புகளுக்கு சீலன்ட், எபாக்ஸி பிரைமர், அடிப்பூச்சு.

விலை விஷயம். மேட்டையும் மெத்தையையும் எடுத்துப் பார்க்காமல் தொகை சொல்ல மாட்டோம். பார்த்த பின் வெட்ட வேண்டிய இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு, போட்டோ எடுத்து அனுப்புவோம். நீங்கள் சரி என்றால்தான் வேலை. வெட்டிய பழைய தகட்டையும் எடுத்து வைத்திருப்போம், வந்து பாருங்கள்.

ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை வண்டியைக் கொண்டுவாருங்கள். தளத்தைத் தட்டிப் பார்க்கக் கட்டணம் இல்லை. அதுவரை வீட்டிலேயே மேட்டைத் தூக்கி, மெத்தையைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் தட்டினால் மெத்தையை வெளியே எடுத்து வெயிலில் போட்டுவிட்டு எங்களுக்கு ஒரு போன் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் டிங்கரிங் பட்டறை,
மஞ்சக்குப்பம், கடலூர்