கடலில்லாத ஊருக்கும் சீசன் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு ஞாயிறுகளுக்கு முன் உங்கள் இணைப்பில் கோவாவைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வருவது குறைந்துவிட்டது, டாக்சி வாடகை கொள்ளை, கடற்கரையெல்லாம் அழுக்கு, வந்து தங்கின வெள்ளைக்காரர்களால்தான் ஊரே கெட்டது என்று எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில் கோட்டையையும் ஸ்ரீபுரம் பொற்கோயிலையும் காட்டி வேலூருக்கும் வெளிநாட்டவரை இழுக்கலாமே என்று முடித்திருந்தார்கள். எழுதியவர் நாலு நாள் போய் வந்தவர் என்று நினைக்கிறேன். நான் அங்கே இருபத்துமூன்று சீசன் கடை போட்டவன். இடம் இருந்தால் இதையும் போடுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் பேரணாம்பட்டு. தோல் பதனிடும் டேனரியில் வேலை. பாலாற்றைக் கெடுத்த கழிவுநீர் வழக்கில் 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்ததே, சுத்திகரிப்பு வசதி இல்லாத டேனரியை மூடு என்று, அதில் எங்கள் முதலாளியும் மூடினார். தீர்ப்பைக் குறை சொல்லவில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்தவன் நான். ஆனால் ஒரு வருஷம் கையில் வேலை இல்லை. பெல்ட், பர்ஸ், தோள்பை, செருப்பு தைக்கத் தெரியும். ஆம்பூர்க்காரர் ஒருவர் சொன்னதைக் கேட்டு 1997 அக்டோபரில் இரண்டு மூட்டையோடு பெங்களூர் போய், அங்கிருந்து இரவு பஸ்ஸில் கோவாவின் மாப்சாவில் இறங்கினேன். புதன்கிழமை அஞ்சுனா சந்தை, வெள்ளிக்கிழமை மாப்சா சந்தை, பிற்பாடு ஆர்ப்போராவில் சனிக்கிழமை ராத்திரிச் சந்தை. மற்ற நாளில் அறையில் உட்கார்ந்து தைக்க வேண்டியதுதான்.

அஞ்சுனா சந்தையை ஆரம்பித்ததே ஹிப்பிகள்தான். எழுபதுகளில் கையில் காசு தீர்ந்தவர்கள் இன்னும் ஒரு மாதம் தங்க வேண்டி தங்கள் சட்டை, கேமரா, ரேடியோ எல்லாவற்றையும் தென்னந்தோப்பில் விரித்து விற்றார்களாம். நான் போனபோது விற்றவர்களில் பாதிக்கு மேல் நம்மவர்கள். காஷ்மீர்க்காரர்கள், திபெத்தியர்கள், கர்நாடகத்து லம்பாணிப் பெண்கள், அப்புறம் என்னைப் போல ஒன்றிரண்டு பேர். ஆவாரம்பட்டையில் பதப்படுத்தின எங்கள் பக்கத்துத் தோலுக்கு அங்கே நல்ல மரியாதை. பையைக் கையில் எடுத்ததும் மூக்கில் வைத்து மோந்து பார்ப்பார்கள். மோந்து பார்த்தவர் அநேகமாக வாங்கிவிடுவார். பேரம் எல்லாம் அதற்கப்புறம்.

சீசன் என்றால் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. கடற்கரைக் குடில்களைப் பிரித்துக் கட்டிவைக்கும் நேரத்துக்குள் நானும் சரக்கை மூட்டை கட்டிவிட வேண்டும். ஜூன் மாத ஈரத்தில் ஒரு வாரம் விட்டால் தோல் முழுக்கப் பூஞ்சை பூத்து, பச்சைக் கம்பளி போர்த்தியது மாதிரி ஆகிவிடும்.

'வெளிநாட்டுக்காரர்' என்று ஒரே சொல்லில் அள்ளிப்போட்டது கட்டுரையின் முதல் தப்பு. இரண்டு வாரத்துக்கு சார்ட்டர் விமானத்தில் வந்து இறங்கும் ஆங்கிலேயக் கிழவன் கிழவிகள் ஒரு வகை. பேரம் பேசவே வெட்கப்படுவார்கள். 2019 செப்டம்பரில் இங்கிலாந்து டூர் கம்பெனியான தாமஸ் குக் விழுந்ததோடு அவர்களில் பெரும்பாலோர் நின்றுபோனார்கள். ராணுவ வேலை முடித்து நேரே வரும் இஸ்ரேல் பிள்ளைகள் வேறு வகை. ஒரு பெல்ட்டுக்கு அரை மணி நேரம் பேசி, வாங்காமலே போவார்கள். ரஷ்யர்கள் வந்த பிறகு மோர்ஜிம் பக்கம் சாப்பாட்டுக் கடைப் பலகை எல்லாம் ரஷ்ய எழுத்தில் மாறியது. 2014 கடைசியில் அவர்கள் ரூபிள் சரிந்ததும், அதுவரை விலையே கேட்காதவர்கள் ஒரே பர்ஸை மூன்று புதன்கிழமை வந்து விலை கேட்டார்கள். ஊர் கெட்டதற்கு வருகிறேன். விடிய விடிய ஸ்பீக்கர் வைத்தவர்களும் போதையில் கிடந்தவர்களும் இருந்தார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேட்டை வெட்டி, வயலை நிரப்பி, வருஷத்தில் பத்து நாள் வந்து தங்க வீடு கட்டியவர்களில் பெரும்பாலோர் தில்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்த நம்மவர்கள்தான். டூரிஸ்ட் விசாவில் வந்த வெள்ளைக்காரன் இங்கே நிலம் வாங்கவே முடியாது, சட்டம் அப்படி.

இன்னொரு வகையைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நவம்பரில் வந்து ஏப்ரல் வரை கிராமத்துக்குள் ஒரு வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள். ஒரு ஜெர்மன் பெரியவர். எழுபது வயதிருக்கும், பெயர் வேண்டாம். என்னிடம் வாங்கிய ஒரே ஜோடி செருப்பை ஒன்பது சீசன் போட்டார். ஒவ்வொரு நவம்பரிலும் முதல் புதன்கிழமை வந்து அடிப்பாகம் மட்டும் மாற்றிக்கொள்வார். எல்லா வருஷமும் அதே வீட்டு மாடி, ஆறு மாத வாடகையும் முன்பணமாக, ரொக்கமாக.

2011 பிப்ரவரியில் அவர் குளிக்க இறங்கின நேரத்தில் கரையில் வைத்த பை போய்விட்டது. பாஸ்போர்ட்டும் அதில்தான். அவர்கள் தூதரகம் தற்காலிகத் தாள் கொடுத்துவிடும், அது பெரிய விஷயமில்லை. ஆனால் நாட்டைவிட்டு வெளியேற இங்கே அனுமதி வாங்க வேண்டும். அதற்குத் தங்கியிருக்கும் வீட்டின் சி-ஃபாரம் வேண்டும். வெளிநாட்டவர் யார் வந்து தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்க வேண்டிய தாள் அது. ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட வீட்டுக்காரர் கொடுத்ததில்லை. கொடுத்தால் விடுதி என்று பதிவு செய்ய வேண்டும், வரி கட்ட வேண்டும், கரண்ட் பில் கடை ரேட்டுக்கு ஏறும். அந்த ஆள் என்ன செய்தார் தெரியுமா? 'இவர் என் நண்பர், போன வாரம்தான் வந்தார்' என்று சொல்லிவிட்டு, அன்று ராத்திரியே சாமானைத் தெருவில் வைத்துவிட்டார்.

பெரியவர் நேரே என் அறைக்கு வந்தார். மாப்சாவில் ஒரு விதவை அம்மாவின் வீட்டுப் பின்கட்டில் மாதம் 1,800 ரூபாய்க்கு இருந்தேன். பதினோரு நாள் எங்களோடு இருந்தார். சும்மா இருக்க மாட்டார். நான் தைக்கத் தைக்க நூலுக்கு மெழுகு தேய்த்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார், தேவைக்கு மேலேயே. அந்த மெழுகு நூல் அடுத்த சீசன் வரை வந்தது.

வீட்டம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவனை கோவாக்காரர்கள் 'காண்டி' என்பார்கள். நல்ல சொல் இல்லை. அந்தம்மா என்னை என் காதுபடவே அப்படித்தான் சொல்லுவார். தோல் நாற்றம் அடிக்கிறது என்று மாதம் ஒரு சண்டை. ஆனால் மாதம் பிறந்தால் ரசீது. அதுவும் ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லாமலேயே செல்லுபடியாகும் தொகை என்று தெரிந்தும் ஒட்டிக் கொடுப்பார். ஜெர்மன்காரர் வந்த மறுநாள் காலை, அவர் இன்ன தேதியிலிருந்து என் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று சி-ஃபாரம் எழுதி, வெயிலில் பஸ் ஏறிப் போய்த் தானே கொடுத்துவிட்டு வந்தார். பக்கத்து வீட்டார் பயமுறுத்தினார்கள். 'என் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று சொல்ல எனக்கென்ன வெட்கம்?' என்று கொங்கணியில் கேட்டாராம். அவர் பையன் எனக்கு இந்தியில் சொன்னான். (பேரணாம்பட்டில் வளர்ந்தவனுக்கு உருது தானாக வரும், இந்திக்கு அது போதும்.)

அந்தத் தாளை வைத்துத்தான் அவர் ஊர் போய்ச் சேர்ந்தார்.

2020 மார்ச் முதல் வாரம், பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு என்று வந்தவன்தான், திரும்பிப் போகவில்லை. இப்போது வேலூர் காந்தி ரோடு பக்கத்துச் சந்தில் பை, ஜிப், செருப்பு ரிப்பேர். எதிரே லாட்ஜ், பக்கத்தில் லாட்ஜ், மேலே லாட்ஜ். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்கள் ஸ்கேன் படங்களை அடைத்து அடைத்து ஜிப் போன பைகளோடு வருவார்கள். பாபு ராவ் தெருப் பக்கம் நடந்து பாருங்கள், பலகையில் வங்காள எழுத்து, கடையில் கடுகெண்ணெய், பொரி, மீன் குழம்புச் சாப்பாடு. ஆட்டோக்காரர் வங்காளத்திலேயே பேரம் பேசுவார். மோர்ஜிம்மில் ரஷ்ய எழுத்தைப் பார்த்தவனுக்கு இது ஒன்றும் புதுசில்லை.

வேலூரைப் பற்றிப் பழைய கிண்டல் ஒன்று உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். (பட்டியலில் இன்னொன்றும் உண்டு, என் மனைவி பக்கத்தில் இருப்பதால் எழுதவில்லை.) கோயிலுக்கு 1981-இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார், அதனால் ஒரு இடம் காலி. அதில் கடல் இல்லாத கோவா என்று போட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டவரை இழுக்க வேண்டும் என்கிறீர்களே, வங்கதேசத்துக்காரர்கள் வெளிநாட்டவர் இல்லாமல் வேறு யார்? அவர்களும் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு அவர்களுக்கு விசா சுருங்கியபோது எங்கள் சந்து லாட்ஜ்காரர்கள் பேசினதைக் கேட்டிருக்க வேண்டும். கோவாவில் குடில்காரன் புலம்பின அதே புலம்பல், அதே வார்த்தை: "சீசன் போச்சு."

போன தையில் வங்கதேசத்துக் குல்னா பக்கத்து ஆள் ஒருவர் பையோடு வந்தார். மனைவிக்கு வைத்தியம் இழுத்துக்கொண்டே போகிறது, விசாவை நீட்டிக்க வேண்டும். லாட்ஜில் கட்டுப்படியாகாமல் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சமையல் வசதியோடு அறை எடுத்திருந்தார். அதே அறைக்கு நம்மூர் ஆள் என்றால் மாதம் ஆறாயிரம், இவருக்கு நாளைக்கு ஐந்நூறு. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ரசீது இல்லை. யாராவது கேட்டால் உறவுக்காரர் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார் வீட்டுக்காரர். குல்னாவிலிருந்து குடியாத்தத்துக்காரருக்கு உறவு! சி-ஃபாரம் கேட்டதற்கு, அதெல்லாம் லாட்ஜுக்குத்தான் என்று பதில். நான் போய்ப் பேசினேன். "இன்னாண்ணா, ஊரே இப்படித்தானே ஓடுது. நீ எதுக்கு நடுவுல?" என்றார்.

லாட்ஜுக்கு மட்டும்தான் என்பது பொய். வீடு, சத்திரம், விருந்தினர் விடுதி, யார் வீட்டில் தங்கினாலும் உண்டு. இப்போது தாளும் இல்லை, எல்லாம் ஆன்லைன். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் (எஃப்.ஆர்.ஆர்.ஓ.) தளத்தில் வீட்டுக்காரர் பதிவு செய்துகொண்டு, பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வந்தார், எப்போது வந்தார் என்று போட வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. அந்தக் குல்னாக்காரரை எனக்குத் தெரிந்த லாட்ஜ் மேனேஜரிடம் கூட்டிப்போனேன், அன்று ராத்திரியே போட்டுக் கொடுத்தார். வாடகை கூடுதல்தான். மனைவியின் கம்மலை விற்றார் என்று பிற்பாடு தெரிந்தது.

வெள்ளைக்காரர் என்றால் நாமும் வேறு மாதிரிதான். திருவண்ணாமலை நம் பழைய வடஆற்காடு ஜில்லாதானே, மார்கழியில் ரமணாசிரமம் பக்கம் போய்ப் பாருங்கள், எவ்வளவு மரியாதை. வேலூருக்கு இன்று இத்தனை வண்டி, இத்தனை லாட்ஜ், என் ஜிப் ரிப்பேர் உட்பட, எல்லாம் 1900-இல் ஒரே ஒரு கட்டில் போட்டு இந்த ஆஸ்பத்திரியை ஆரம்பித்த அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா வந்து தங்கியதால். அவரும் வெளிநாட்டுக்காரர்தான். ஸ்ரீபுரம் படம் போட்டு விளம்பரம் செய்து ஆளைக் கூப்பிடுவது அப்புறம் இருக்கட்டும். ஏற்கெனவே வந்து படுத்திருப்பவருக்கு ஒரு ரசீதும் ஒரு சி-ஃபாரமும் கொடுக்க எந்த விளம்பரமும் வேண்டாம்.

உங்கள் பத்திரிகையால் ஆகிற காரியம் ஒன்று கேட்கிறேன். சி-ஃபாரம் எப்படிப் போடுவது என்று ஒரு அரைப் பக்கம் தமிழில் போடுங்கள். பக்கத்திலேயே வாடகை ரசீது மாதிரி ஒன்று. வெட்டி எடுத்து என் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கிறேன். வங்காளத்தில் எழுதிச் சேர்க்க இங்கே ஆள் இருக்கிறார்கள்.

இதை வெளியிட்டால் என் பெயரும் தெருப் பெயரும் வேண்டாம். அந்த வீட்டுக்காரர் தினமும் என் கடையில் உட்கார்ந்துதான் உங்கள் பேப்பரைப் படிக்கிறார்.

இப்படிக்கு,
பேரணாம்பட்டுக்காரன்,
வேலூர்.