குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில், குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் அந்தப் பழைய வரிசைப் படத்தை மறுபடியும் போட்டிருந்தீர்கள். காசிமேட்டில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். மறுநாளே ஒரு பையன், "குரங்குலருந்து மனுசன் வந்தான்னா வண்டலூர் குரங்கு ஏன் சார் இன்னும் குரங்காவே இருக்கு?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. தப்பு படத்தில்தான்.

இன்றைக்கு இருக்கிற எந்தக் குரங்கும் நமக்குத் தாத்தா இல்லை. சிம்பன்சியும் நாமும் சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே வீட்டிலிருந்து பிரிந்த பங்காளிகள். சிம்பன்சிக்குக் கொரில்லாவைவிட நாம்தான் நெருக்கம்; உருவத்தை மட்டும் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவனுக்கு மீனை வைத்துத்தான் புரியவைத்தேன். அவன் அம்மா துறைமுகத்தில் மீன் வெட்டுகிறவர். சுறாவை வெட்டினால் கத்தி நடுத்தண்டில்கூட அதிகம் தடுக்காமல் இறங்கும், எல்லாம் குருத்தெலும்பு. செவுளுக்கு மூடி கிடையாது, பக்கத்தில் கீறல்கள்தான். வஞ்சிரத்துக்குச் செவுள் மூடி உண்டு, நடுமுள் நம்முடையதைப் போல நிஜ எலும்பு. இரண்டையும் மீன் என்று ஒரே இடத்தில் ஏலம் விடுகிறோம், ஆனால் வஞ்சிரத்துக்குச் சுறாவைவிட நாம்தான் நெருங்கிய சொந்தம், ஏனென்றால் சுறாவின் வழி 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே தனியாகப் போய்விட்டது, வஞ்சிரத்தின் முன்னோரும் நம் முன்னோரும் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் ஒரே குடும்பமாக இருந்தார்கள். பையன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் செவுளைக் காட்டச் சொல்லியிருக்கிறான்.

அழிந்துபோனவற்றுக்கும் இதே கணக்குதான். ஓங்கில் (டால்பின்), திமிங்கிலம் எல்லாம் நிலத்துப் பிராணியின் வம்சம். இன்று உயிரோடு இருப்பதில் நீர்யானைதான் அவற்றுக்கு நெருங்கிய உறவு. ரங்கா ராவ் என்ற நம் நாட்டு நிலவியலாளர் காஷ்மீரில் சேகரித்து வைத்த பாறைகளை, அவர் காலத்துக்குப் பிறகு அமெரிக்காவில் சுத்தம் செய்தபோது ஒரு மண்டையோடு தவறி உடைந்தது. உள்ளே இருந்த காது எலும்பு திமிங்கிலத்தின் காது எலும்பு மாதிரியே தடித்திருந்தது! இந்தோஹியஸ் என்ற அந்தப் பூனை அளவுப் பிராணி வாழ்ந்தது 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன். 2007-இல் ஆய்வு வெளியானது. அதுகூடத் திமிங்கிலத்துக்குத் தாத்தா இல்லை, பெரியப்பா வழிதான்.

டார்வின் 1837-இல் தன் நோட்டில் கிறுக்கியதே கிளைவிட்ட மரத்தைத்தான், வரிசையை அல்ல. 2023-இல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்ட நிலையில், பத்திரிகையில் வருவதற்கு இன்னும் பொறுப்பு கூடுகிறது.

தயவுசெய்து அடுத்த வாரம் அதே பக்கத்தில், அதே அளவில் ஒரு கிளைப் படம் போடுங்கள். என் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறவர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காசிமேடு, சென்னை.