தறிக்கு இடம் வைத்துவிட்டு வீட்டை வரையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சின்ன வீடு கட்டுவது பற்றி எங்கே படித்தாலும் ஹால், ஒரு படுக்கையறை, அடுப்படி, வாசலில் வண்டி நிறுத்த இடம் என்றுதான் வரைபடம் இருக்கிறது. அந்த வீட்டில் இருப்பவர் வேலைக்கு வெளியே போய்விட்டு ராத்திரி வந்து படுப்பவர் என்று வரைகிறவரே முடிவு செய்துவிடுகிறார் போல. காஞ்சிபுரத்தில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள், வேலையும் வீட்டுக்குள்ளேதான், படுக்கையும் அங்கேதான். எங்களுக்கு வீடு கட்ட வந்த இன்ஜினியரிடம் தறி எங்கே என்று கேட்டதற்கு, "ஹால்ல ஒரு ஓரமா போட்டுக்குங்க" என்றார். ஓரமாகப் போட அது என்ன தையல் மிஷினா?

குழித்தறிக்குத் தரையில் குழி வேண்டும், நெசவு செய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டு மிதிக்க வேண்டும். அதனால் முதல் மாடியில், இரண்டாம் மாடியில் வைக்கவே முடியாது, தளத்தை யார் தோண்ட விடுவார்கள்? நெசவாளருக்கு அடுக்குமாடியில் வீடு கொடுத்தால் வீடு கிடைக்கும், தொழில் போய்விடும். இடம் குறைவாக இருந்து மாடி எடுப்பதாக இருந்தால் தறி கீழே, மனிதர்கள் மேலே. வயதானவர்களுக்குப் படி ஏறுவது சிரமம்தான், வேறு வழி தெரியவில்லை.

அப்புறம் அளவு. சேலை அகலம் 4 அடிதான், ஆனால் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓடும், அதில் ஒன்றைப் பிடித்துத் திருப்பிப் போடப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும், சுவரை ஒட்டித் தறி போட்டால் அந்த ஆள் எங்கே போவார்? என் கணக்கில் 8 அடி அகலம், 15 அடி நீளம் இருந்தால் ஒரு தறிக்குத் தாராளம். உயரம் அதைவிட முக்கியம், யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சேலையில் பூ வேலைப்பாடு விழ வைக்கும் ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே நிற்கிறது, அதில் ஓடும் துளை போட்ட டிசைன் அட்டை சிக்கினால் ஏறிக் கை விட வேண்டும். இப்போது எல்லோரும் போடுகிற 10 அடி உயரத் தளம் அதற்கு நெருக்கடி, 12 அடி இருந்தால் நிம்மதி.

வெளிச்சத்துக்கு ஜன்னல் வடக்குப் பக்கம், நெய்பவருக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் வைத்தால் அவர் நிழல் அவர் நெய்யும் இடத்திலேயே விழும். நேர் வெயில் பட்டால் பட்டின் சாயம் வெளுக்கும். சுவருக்கு வெள்ளைதான் சரி, பச்சையும் ரோஸும் அடித்தால் நூலின் நிறம் கண்ணுக்கு மாறித் தெரியும். அடுப்படி எதிர்மூலையில், நடுவில் கதவோடு. தாளிக்கிற எண்ணெய்ப் புகை ஜரிகையில் படிந்தால் அந்தச் சேலையை யார் தலையில் கட்டுவது? குழியைச் செங்கல் வைத்துக் கட்டிச் சிமெண்ட் பூசி, வீட்டின் தரையையும் தெருவைவிட நன்றாக உயர்த்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் குழியில் ஊற்று எடுத்துத் தறி நிற்பது இங்கே வருஷா வருஷம் நடப்பதுதான்.

இதையெல்லாம் சொல்லக் காரணம் தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் வீட்டுத் திட்டம். ஊரகப் பகுதிக்கானது, வீட்டுக்கு 360 சதுர அடி, அதில் 300 கான்கிரீட் தளம், மீதி 60-க்கு வேறு கூரை போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. காஞ்சிபுரம் பக்கத்து அய்யம்பேட்டை மாதிரி ஊர்களில் இருக்கும் நெசவாளருக்கு மட்டும் அந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றித் தரலாமே? 240 கான்கிரீட், 120 சாய்வான ஓட்டுக் கூரை. நான் மேலே சொன்ன 8-க்கு 15 அப்படியே அதில் அடங்கும். ஓட்டுக் கூரையை உயர்த்திவிட்டால் ஜக்கார்டுக்கு உயரம் கிடைக்கும், மொத்த வீட்டின் சுவரையும் ஏற்ற வேண்டியதில்லை. வடக்குச் சரிவில் நாலு கண்ணாடி ஓடு பதித்தால் பகலில் லைட்டே வேண்டாம். மிச்சமிருக்கும் 240-இல் நாலு பேர் நெருக்கிக்கொண்டு இருந்துவிடுவோம், எங்களுக்கு அது பழக்கம்தான்.

2023-இல் கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் என்று உயர்த்தினார்கள், சந்தோஷம். அந்த லைட்டைப் போட்டு நெய்ய ஒரு அறையும் வேண்டுமே. வீட்டுக்கு மனு வாங்கும்போதே உங்கள் வீட்டில் என்ன தொழில் நடக்கிறது என்று ஒரு வரி கேட்டு எழுதிக்கொண்டால் போதும். தறியா, பானைச் சக்கரமா, பாய் நெசவா என்று தெரிந்துவிட்டால் அதற்குத் தகுந்த மாதிரி ஒன்றிரண்டு வரைபடம் தயாராக வைத்திருக்கலாம். இன்ஜினியர்கள் வரைவதற்கு முன்னால் ஒரு நாள் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து பார்க்கட்டும், டீ நாங்களே வாங்கித் தருகிறோம்.

இப்படிக்கு,
நெசவாளர் வீட்டுப் பெண்,
பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.