16 ஓம் ஜாக்கில் 4 ஓம் இணைப்பு: வால்வு ஆம்ப்ளிஃபையர் குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா,

வணக்கம். தங்கள் 50 வாட் கிட்டார் ஆம்ப்ளிஃபையரையும், அதற்கு ஏற்றதென்று தாங்களே சேர்த்து விற்ற 16 ஓம் ஸ்பீக்கர் பெட்டியையும் வாங்கியவன் நான். தொலைபேசியில் கெஞ்சியும் சேவை மையத்துக்கு நடையாய் நடந்தும் ஓய்ந்துபோன பிறகே இதை எழுதுகிறேன்.

பின்புறத்தில் 16 ஓம் என்று அச்சிட்டிருந்த ஜாக்கில்தான் பெட்டியை இணைத்தேன். சற்று உரக்க வாசித்தாலே ஒலியைப் பெருக்கும் இரண்டு இ.எல்.34 வால்வுகளுக்குள்ளும் (வெற்றிடக் குழாய்கள்) ஸ்க்ரீன் கிரிட் என்னும் வலைக் கம்பிகள் செக்கச்செவேலெனக் கனன்றன. தங்கள் மையத்தில் வால்வு பழுது என்று சொல்லிப் புது ஜோடியைப் போட்டுப் பணமும் வாங்கிக்கொண்டார்கள்; அந்த ஜோடியும் அதே கதியை அடைந்தது.

மீண்டும் ஆம்ப்ளிஃபையரையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தபோது அங்கிருந்த ஊழியர் நடந்துகொண்ட விதத்தை என்னால் மறக்க இயலவில்லை. பெட்டியின் ஜாக்கில் மல்டிமீட்டரை வைத்து, அது 13 என்று காட்டியதும், "உங்க பெட்டியே 16 ஓம் இல்ல சார், எங்க ஆம்பைக் குறை சொல்றீங்க" என்று எல்லோர் முன்னிலையிலும் சிரித்தார். மல்டிமீட்டர் காட்டுவது ஸ்பீக்கர் சுருளின் நேர்மின் (டி.சி.) தடையை மட்டுமே. 16 ஓம் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டமான ஒலிச் சமிக்ஞைக்கு உள்ள மொத்தத் தடை) உள்ள ஸ்பீக்கரில் அது 12, 13 என்றுதான் வரும். பெட்டியும் தங்களுடையதுதானே! இதைக்கூட அறியாதவரையா வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு முன் உட்கார வைத்திருக்கிறீர்கள்?

வெளியில் ஒரு பழுதுபார்ப்பவர் வால்வுகளை ஸ்பீக்கருடன் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் சுற்று விகிதத்தை (அதன் இரு பக்கச் சுருள்களின் சுற்று எண்ணிக்கை விகிதம்) அளந்ததும் உண்மை வெளிப்பட்டது. தங்கள் கையேட்டின்படி வால்வுகளுக்குரிய சுமை பிளேட்டுக்குப் பிளேட் (இரண்டு வால்வுகளின் வெளியீட்டு முனைகளுக்கிடையே) 3,400 ஓம் என்றால், 16 ஓம் ஜாக்கில் விகிதம் 14.6 அளவில் இருக்க வேண்டும். இருந்ததோ 29, அதாவது 4 ஓமுக்குரியது. 16 ஓம், 4 ஓம் ஆகிய இரண்டு ஜாக்குகளின் கம்பிகளும் தொழிற்சாலையிலேயே இடம் மாறியிருக்கின்றன. சுமையானது, சுற்று விகிதத்தின் வர்க்கப்படி மாறுவதால் என் வால்வுகள் சந்தித்தது 13,600 ஓம். இதே கம்பி மாற்றத்துடன் வந்த ஆம்ப்ளிஃபையரில் வேறொருவர் 4 ஓம் ஜாக்கில் 4 ஓம் பெட்டியை இணைத்தால், சுமை 850 ஓமாகச் சரிந்து பிளேட்டுகளே சிவந்துவிடும். ஓம் வேறுபாட்டால் ஒலிதான் சற்று மாறும் என்று தங்கள் மின்னஞ்சலில் வந்த பதிலை, இரு மடங்கு வேறுபாடாக இருந்தால் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். நான்கு மடங்குக்கு அது பொருந்துமா?

கைவிட்டுப்போன நிகழ்ச்சிகளால் என் இசை வாழ்க்கையே பாழாகிவிட்டது. தயவுகூர்ந்து கம்பிகளைச் சரிசெய்து, இதுவரை மிகை மின்னழுத்தத்தைத் தாங்கிய டிரான்ஸ்பார்மரையும் வால்வுகளையும் கட்டணமின்றி மாற்றித் தருமாறும், முன்பு வாங்கிய பணத்தைத் திருப்பித் தருமாறும் வேண்டுகிறேன். இரண்டு வாரத்துக்குள் எழுத்துமூலப் பதில் வராவிடில், அளவீட்டுக் குறிப்புகளுடன் நுகர்வோர் நீதிமன்றத்தை நாடுவேன். மேற்சொன்ன ஊழியர் என் ஆம்ப்ளிஃபையரைத் தொடக் கூடாது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்