கவுலின் தங்கம் அதிர்ஷ்டமல்ல

ஆசிரியருக்கு,

2019 தோஹா உலகத் தடகளப் போட்டியில், பிரான்சின் கெவின் மேயர் காயத்தால் விலகியதால்தான் ஜெர்மனியின் நிக்லஸ் கவுல் டெகாத்லானில் (இரண்டு நாளில் நடக்கும் பத்துப் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டி வெற்றியாளரை முடிவு செய்யும் பந்தயம்) தங்கம் வென்றார் என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். பாதிதான் சரி. புள்ளிக் கணக்கைப் பாருங்கள்.

கவுல் 8,691, இரண்டாமிடம் பெற்ற எஸ்டோனியாவின் மைசெல் உய்போ 8,604. இடைவெளி வெறும் 87. ஒன்பதாவது போட்டியான ஈட்டி எறிதலில் கவுல் எறிந்தது 79.05 மீட்டர்; அதற்கு 1,028 புள்ளிகள். டெகாத்லான் வீரர்களில் நல்ல எறிதல் என்று சொல்லப்படும் 65 மீட்டருக்கு 813தான். அந்த ஒரே எறிதலில் 215 புள்ளி கூடுதல்! கடைசிப் போட்டியான 1,500 மீட்டர் ஓட்டத்தை 4 நிமிடம் 15.70 விநாடியில் ஓடினார். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 7 புள்ளி. 20 விநாடி தாமதமாக வந்திருந்தால் தங்கம் போயிருக்கும்.

குறுந்தூர ஓட்டத்தில் அவர் சுமார்தான். அதனால் முதல் நாள் பின்தங்குவதும், இரண்டாம் நாள் துரத்திப் பிடிப்பதும் அவருக்கு வழக்கம். 2022 மியூனிக் ஐரோப்பியப் போட்டியிலும் 76.05 மீட்டர் ஈட்டி எறிந்து, 8,545 புள்ளிகளுடன் அப்படித்தான் வென்றார்.

இந்த முறையின் ஆபத்து 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தெரிந்தது. உயரம் தாண்டுதலில் 2.11 மீட்டர் தாண்டியபோது காலில் அடிபட்டது. முதல் நாளிலேயே 400 மீட்டர் ஓட்டத்தில் பாதியில் நின்றுவிட்டார். அவருடைய பலமான ஈட்டி மறுநாள்தான்!

மைன்ஸில் அவருக்குப் பயிற்சி தருபவர்கள் பெற்றோரே. இருவரும் முன்னாள் 400 மீட்டர் தடை ஓட்டக்காரர்கள். அதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.

– வாசகர் ஒருவர்