ஜாக் ராங்லரின் திருமணம்: ஒரு மறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஜெஃப்ரி ஷ்வார்ஸ் இயக்கி 2008ஆம் ஆண்டில் வெளிவந்த 'ராங்லர்: அனாட்டமி ஆஃப் அன் ஐக்கான்' என்ற ஆவணப்படத்தைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாலியல் படங்களில் நடித்துப் புகழ்பெற்ற அமெரிக்கத் தன்பாலீர்ப்பாளர் ஜாக் ராங்லரின் வாழ்க்கைக்குத் தமிழ் இதழ் ஒன்று இரண்டு பக்கங்கள் ஒதுக்கியதே எனக்கு மகிழ்ச்சி அளித்தது. ஆனால், அவர் ஒரு பெண்ணை மணந்துகொண்டு திருந்தி வாழ்ந்தார் என்ற பொருளில் அக்கட்டுரை முடிந்திருப்பதைக் கண்ட பிறகு, இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் காலக்கணக்கைப் பார்க்கலாம். ராங்லர், பாடகி மார்கரெட் வைட்டிங்கைச் சந்தித்தது 1976இல். தன்பாலீர்ப்பாளர்களுக்கான படங்களில் அவர் புகழின் உச்சத்தில் இருந்த நேரம் அது. சந்தித்த பிறகும் பல ஆண்டுகள் அவர் அத்துறையில் இருந்தார். 1970களின் இறுதியில் பெண்களுடனும் நடிக்கத் தொடங்கி, 1980களிலும் தொடர்ந்தார். இருவரும் திருமணம் செய்துகொண்டது 1994இல், அதாவது சந்தித்துப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து. நடிப்பை அவர் விட்டு நெடுங்காலம் கழித்து நடந்த ஒரு திருமணம் அவரை எதிலிருந்து திருத்தியது என்று கட்டுரையாளர் விளக்கியிருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது, ராங்லரே தம்மைப் பற்றிச் சொன்னது. தாம் இருபாலீர்ப்பாளரும் அல்லர், எதிர்பாலீர்ப்பாளரும் அல்லர், தன்பாலீர்ப்பாளர்தாம் என்பதை அவர் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார். ஆணோடு வாழும்போது அவரை மிஞ்ச வேண்டும் என்ற போட்டி மனம் தமக்கு வந்துவிடுகிறது என்றும், அதனால் அவ்வாழ்க்கை தமக்கு ஒத்துவரவில்லை என்றும் அவரே காரணம் சொன்னார். வைட்டிங்குக்கும் இது நன்றாகத் தெரியும். ஒருமுறை வாக்குவாதத்தின் நடுவே தாம் தன்பாலீர்ப்பாளர் என்று ராங்லர் உரக்கச் சொன்னபோது, அதுவும் ஓரங்களில் கொஞ்சம் மட்டும்தான் என்று வைட்டிங் அன்போடு பதில் சொன்னதாக அவர்களைப் பற்றி ஒரு செய்தி உண்டு. தம்மைவிட இருபத்திரண்டு வயது இளைய அந்த மனிதர் யார் என்பதை முழுவதும் அறிந்து, அவருக்குத் துணையாக இருந்த பெண் அவர். 'திருந்தினார்' என்ற ஒற்றைச் சொல் அந்தப் பெண்ணின் அன்பையும் சேர்த்தே சிறுமைப்படுத்துகிறது.

கட்டுரையில் இடம்பெறாத மற்றொன்று, ராங்லர் என்ற உருவம் எப்படி உருவானது என்பது. பிறப்பில் அவர் ஜான் ஸ்டில்மேன். 1946இல் பெவர்லி ஹில்ஸில், திரைப்படத் தயாரிப்பாளரான ராபர்ட் ஸ்டில்மேனுக்கு மகனாகப் பிறந்து, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர். தாம் உடுத்தியிருந்த வேலைச் சட்டையின் லேபிளில் இருந்த பெயரைத்தான் தமக்குச் சூட்டிக்கொண்டார். மாட்டுப் பண்ணையிலும் மரம் வெட்டும் காட்டிலும் உழைக்கிறவனைப் போன்ற அந்தத் தோற்றம், நாடகம் கற்ற ஒருவர் யோசித்து அமைத்த வேடம். தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நீக்கியதே 1973 டிசம்பரில்தான். அதுவரை அமெரிக்கத் திரையில் அத்தகைய ஆண் வந்தால், கேலிக்கு உரியவனாகவோ கடைசிக் காட்சியில் சாக வேண்டியவனாகவோதான் பெரும்பாலும் வந்தான். அப்படிப்பட்ட காலத்தில், தன் உடலைக் குறித்தும் ஆசையைக் குறித்தும் வெட்கப்படாமல் நிமிர்ந்து நின்ற ஓர் ஆணைத் திரையில் பார்த்தது பல இளைஞர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்பதை அந்த ஆவணப்படம் எனக்கு உணர்த்தியது. பாலியல் படத்துறையின் கசப்பான பக்கங்களை அது இன்னும் அழுத்திக் கேட்டிருக்கலாம் என்ற குறை எனக்கும் உண்டு.

ஆயினும் அப்படம் எடுக்கப்பட்ட நேரத்தை எண்ணும்போது அந்தக் குறை எனக்குச் சிறிதாகிவிடுகிறது. அத்துறையின் முதல் தலைமுறையில் பலர் எய்ட்ஸ் நோய்க்குப் பலியானார்கள். 1971இல் வெளிவந்து, நியூயார்க் திரையரங்கில் வெளிப்படையாக ஓடிய 'பாய்ஸ் இன் த சேண்ட்' படத்தின் நாயகன் கேசி டோனவன் 1987இலேயே இறந்துபோனார். தம் கதையை முதுமையில் நின்று திரும்பிப் பார்த்துச் சொல்லும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ராங்லர் தம் கதையைத் தம் வாயாலேயே இந்த ஆவணப்படத்தில் சொல்லிவிட்டு, மறு ஆண்டே, 2009 ஏப்ரலில், நுரையீரல் நோயால் காலமானார். அந்த வாக்குமூலத்தைக் கேட்டுவிட்டு, அதற்கு நேர்மாறான ஒரு முடிவை வாசகரிடம் கொண்டுசேர்ப்பது எப்படி நியாயமாகும்?

இதில் நான் இவ்வளவு கவலை கொள்வதற்குக் காரணம் உண்டு. என் அக்கா மகன், இருபத்தெட்டு வயது, தான் யார் என்பதைச் சென்ற ஆண்டு பெற்றோரிடம் சொன்னான். அன்றிலிருந்து அவ்வீட்டில் பெண் பார்க்கும் பேச்சு ஓயவில்லை. தங்கள் இதழ் வந்த அன்று குடும்பப் பெரியவர் ஒருவர் அந்தக் கடைசிப் பத்தியைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, "அமெரிக்காவில் இருந்தவனுக்கே கல்யாணத்தால் சரியாகிவிட்டது, பார்" என்று அவனிடம் நீட்டினார். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். சிகிச்சை என்ற பெயரில் ஒருவரின் பாலீர்ப்பை மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று தடை செய்தார். மருத்துவர் செய்யக் கூடாதென்று நீதிமன்றம் விலக்கியதை, ஒரு முகூர்த்த நாளைக் குறித்து வீட்டார் செய்யப் பார்க்கிறார்கள். அந்த மணமேடையில் வந்து உட்காரப்போகிற, எதுவும் அறியாத பெண்ணைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. வைட்டிங்குக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

கட்டுரை முழுவதும் 'ஓரினச்சேர்க்கையாளர்' என்ற சொல் வருவதையும் சுட்ட விரும்புகிறேன். ஒரு மனிதரைப் படுக்கையறைக்குள் சுருக்கிவிடும் சொல் அது. இத்தகையோரைக் குறிக்க மதிப்பான சொற்களைத் தமிழ்நாடு அரசே 2022இல் தொகுத்து அரசிதழில் வெளியிட்டிருக்கிறது. தங்கள் ஆசிரியர் குழு அதைக் கையருகில் வைத்துக்கொள்ளலாம்.

ராங்லர் இறுதிவரை தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்றே கருதினார் என்பதையும், அவருடைய திருமணம் எதையும் மாற்றுவதற்காக நடந்ததன்று என்பதையும் அடுத்த இதழில் ஒரு திருத்தமாகவாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அக்கா வீட்டுக் கூடத்து மேசையில் அந்த இதழ் சிவப்புக் கோட்டோடு இன்னும் கிடக்கிறது. அடுத்த இதழும் அங்கேதான் வரும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருச்சிராப்பள்ளி