ஸ்டீரிங் வீலை மாத்திக் குடுங்க, இல்லன்னா பணத்தைக் குடுங்க

வணக்கம்ங்க,

இது நாலாவது மெயில். முந்தின மூணுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்"னு ஒரே பதில் தான் வந்துச்சு. நான் கருத்து சொல்லலைங்க, புகார் சொல்றேன்.

நான் ஏற்காடு. வீட்ல டிவில மாட்டி கேம் ஆடுற பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கன்சோல் இருக்கு, அதுல கிரான் டூரிஸ்மோ 7-ங்கிற கார் ரேஸ் கேம் ஆடத்தான் ஸ்டீரிங் வீல் தேடி சேலம் ஷோரூமுக்கு வந்தேன். அந்த கேம் பிசிக்கு, அதான் கம்ப்யூட்டருக்கு, வரவே இல்ல, அதனால பிளேஸ்டேஷன்ல ஓடுறதா குடுங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். "எல்லாத்துலயும் ஓடும்ணா, கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க"ன்னான் உங்க சேல்ஸ் பையன். 38,000 ரூபா. நானும் கண்ண மூடிட்டே தான் எடுத்துட்டு வந்திருக்கேன், பெட்டி ஓரத்துல பொடி எழுத்துல எக்ஸ்பாக்ஸ் (அது வேற கம்பெனி கன்சோல்), பிசின்னு மட்டும் போட்டிருந்தத வீட்ல வந்து தான் பாத்தேன்.

பாக்க ஒண்ணு போலவே ரெண்டு மாடல் விக்கிறீங்க, ஒண்ணு பிளேஸ்டேஷனுக்கு, ஒண்ணு எக்ஸ்பாக்ஸுக்கு, ரெண்டுமே பிசியில ஓடும், ஆனா கன்சோல் மாறுச்சுன்னா அசையாது. எனக்கே இப்ப இது தெரியுது, விக்கிற உங்களுக்குத் தெரியாதா?

பிஎஸ்5-ல வீல் ஓடலன்னு போன் பண்ணுனா, கஸ்டமர் கேர்ல ஒருத்தர், "மலையில வோல்டேஜ் கம்மியா இருக்கும் சார், ஸ்டெபிலைசர் போடுங்க"ங்கிறார். நம்பி அதையும் வாங்குனேன். அப்புறம் தான் சேலத்துல மச்சான் லேப்டாப்ல மாட்டுனோம், கரண்ட் குடுத்ததும் தானா இடமும் வலமும் ஒரு சுத்து சுத்தி நேரா நின்னுச்சு, அசெட்டோ கோர்சாங்கிற கார் ரேஸ் கேம்ல திருப்பத்துல கைய முறுக்குது. வீல் நல்லா தாங்க இருக்கு, எனக்குத் தான் ஆகல!

சர்வீஸ் சென்டர் வந்த கதைய கேளுங்க. அவ்ளோ பெரிய பெட்டிய மடியில வச்சுகிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் எறங்கி, லக்கேஜ் டிக்கெட்டும் எடுத்து, ஐந்து ரோடு வந்தா ஷட்டர் சாத்தி புது பஸ் ஸ்டாண்டு பக்கம் மாத்தியாச்சுன்னு ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு. அங்க போனா "வாங்குன கடையில கேளுங்க", கடைக்குப் போனா "பெட்டி பிரிச்சாச்சு, எடுக்க மாட்டோம்". பிரிக்காம எப்படிங்க ஓடுதான்னு பாக்கறது? ராத்திரி பனியில ஏற்காடு ஒண்டிக்கடைல எறங்கறப்ப பெட்டி ஒரு பக்கம் நனைஞ்சு போச்சு. ஒரு நாள் லீவு, ஒரு வருஷ சேமிப்பு, தூக்கம் எல்லாம் போச்சு.

அந்த வோல்டேஜ் சார விட மோசமா இன்னொருத்தர், பேரு கேட்டதுக்கு சொல்லல, "உங்களுக்கு ஆடத் தெரியலன்னா நாங்க என்ன சார் பண்றது, ஒரு கேமிங் பிசி வாங்கிக்கோங்க, ஐரேசிங்கே ஆடலாம்"னுட்டு வச்சுட்டார். ஐரேசிங்ங்கிற ரேஸ் கேம் விண்டோஸ் கம்ப்யூட்டர்ல தான் ஓடும், சந்தாவும் கட்டணும், அதெல்லாம் பாத்து தான் நான் கன்சோலே போதும்னு இருந்தேன். சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?

தயவு செஞ்சு பிளேஸ்டேஷன் மாடல மாத்திக் குடுங்க, வித்தியாசம் இருந்தா கட்டிடறேன். 10 நாள்ல பதில் வரலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் போடுவேன், அதுக்கும் அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் தான். ஸ்டெபிலைசர் பில்லும் சேத்து தான் கேப்பேன்.

பில் காப்பி, நனைஞ்ச பெட்டி போட்டோ இணைச்சிருக்கேன். போன் பண்ணுனா சாயங்காலமா பண்ணுங்க, பகல்ல தோட்டத்துல டவர் கிடைக்காது. அந்த பேரு சொல்லாத சார மட்டும் பேச விட்ராதீங்க.

இப்படிக்கு,
ஏற்காடு கஸ்டமர்